எண்பது வயதில் லியர்

1992 ஏப்ரலில் நடந்த பிரிட்டிஷ் பொதுத்தேர்தலில், லண்டனின் ஹாம்ப்ஸ்டெட்–ஹைகேட் தொகுதியைக் கன்சர்வேடிவ் கட்சியிடமிருந்து தொழிற்கட்சி பறித்தது. வாக்கு வித்தியாசம் 1,440. ஜெயித்தவர் கிளெண்டா ஜாக்சன், வயது 55, சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை இரண்டு முறை வாங்கியவர். தேர்தல் முடிந்த கையோடு நடிப்புக்கு முழுக்குப் போட்டார். விடுமுறையில் ஒரு நாடகம், நண்பருக்காக ஒரு கௌரவ வேடம் என்ற சலுகையெல்லாம் கிடையாது. அடுத்த 23 ஆண்டுகள் எம்.பி. வேலை மட்டும்தான்.

நடிகர்கள் அரசியலுக்கு வருவது நம் வாசகர்களுக்குப் புதுச் சேதி இல்லை. ஆனால் வந்த இடத்தில் பெரும்பாலான காலம் பின்வரிசை உறுப்பினராகவே உட்கார்ந்து, வீட்டு வாடகை, உதவித்தொகை என்று தொகுதி மக்களின் மனுக்களை வாங்கிக்கொண்டிருந்துவிட்டு, 80 வயதில் மேடைக்குத் திரும்பி, அதுவும் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக வந்து நிற்பது எந்த ஊரிலும் அடிக்கடி நடக்கிற காரியமில்லை. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த 23 ஆண்டுகளை 'இடைவெளி' என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். அவருடைய பழைய தொலைக்காட்சித் தொடரையும் கடைசிக் காலப் படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு சரியாக வரவில்லை. நடுவில் ஏதோ சேர்ந்திருக்கிறது.

லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பர்கன்ஹெட் ஊரில் 1936 மே 9 அன்று பிறந்தவர். அப்பா கொத்தனார். அம்மா வீட்டுவேலை, கடைவேலை, மதுக்கடையில் ஊற்றிக்கொடுக்கிற வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தவர். நான்கு பெண்களில் கிளெண்டா மூத்தவர். கிளெண்டா ஃபேரல் என்ற ஹாலிவுட் நடிகையின் பெயரை வைத்தார்கள். 16 வயதில் பள்ளியை விட்டு, 'பூட்ஸ்' மருந்துக்கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தார். ஒய்.எம்.சி.ஏ. நாடகக் குழுவில் சேர்ந்தது அப்போதுதான். 1954-ல் உதவித்தொகையோடு லண்டனின் 'ராடா' நடிப்புக் கல்லூரியில் இடம் கிடைத்தது. நீ குணச்சித்திர வேடக்காரி, நாற்பது வயது வரைக்கும் வேலை எதையும் எதிர்பார்க்காதே என்று அங்கே சொல்லி அனுப்பியதாக அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்வார். அடுத்த ஆறேழு வருஷம் அந்த ஜோசியம் பலித்தது. சின்ன ஊர் நாடகக் கம்பெனிகள், இடையிடையே வேலையில்லாத மாதங்கள்.

நாடக இயக்குநர் பீட்டர் புரூக் கண்ணில் பட்டதும் நிலைமை மாறியது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக 1964-ல் அவர் இயக்கிய 'மரா/சாட்' நாடகத்தில் கிளெண்டாவுக்கு சார்லட் கோர்டே வேடம். கதைப்படி, மனநோய் விடுதியில் இருப்பவர்கள் சேர்ந்து பிரெஞ்சுப் புரட்சி நாடகம் ஒன்றைப் போடுகிறார்கள். தூக்க நோய் பிடித்த ஒரு பெண், புரட்சித் தலைவர் மராவைக் குத்திக் கொல்பவளாக நடிக்க வேண்டும். அதாவது நடிக்கத் தெரியாத ஒருத்தி நடிப்பதாக நடிக்க வேண்டும். ஒரு காட்சியில் தன் நீண்ட கூந்தலையே சாட்டையாக வீசி, விடுதிக்குள் அந்த நாடகத்தை இயக்குகிற சாட் பிரபுவை அடிப்பார். நாடகம் நியூயார்க்குக்கும் போனது, 1967-ல் படமாகவும் வந்தது. அந்தப் படம் இருப்பதால்தான் இன்று இதைப் பேச முடிகிறது. மேடைக்காரர்களைப் பின்தொடர்வதில் உள்ள பெரிய கஷ்டம் இதுதான்: 1978-ல் அதே புரூக் இயக்கத்தில் அவர் கிளியோபாட்ராவாக நடித்ததற்கு நமக்குக் கிடைப்பது விமர்சனங்களும் சில புகைப்படங்களும் மட்டுமே.

தொலைக்காட்சி அப்படி இல்லை. 1971-ல் பிபிசி 2 ஒளிபரப்பிய 'எலிசபெத் ஆர்' இன்றும் முழுசாகப் பார்க்கக் கிடைக்கிறது. முதலாம் எலிசபெத் அரசியின் வாழ்க்கை ஆறு பகுதிகளாக, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்தாளர். பெரும்பகுதி ஸ்டூடியோவுக்குள் அரங்கம் போட்டு வீடியோ நாடாவில் பிடித்தது. சுவர்கள் அட்டை என்று இன்றைய கண்ணுக்குத் தெரிந்துவிடும். வெளிச்சம் தட்டையாக விழும். ஆனால் அந்த முறையில் ஒரு லாபம் இருந்தது. காட்சிகள் நீளமானவை, நடிகர் பேச ஆரம்பித்தால் நாடக மேடை மாதிரி பேசி முடிக்கலாம்.

அந்தக் காலத்து அரசிக்கு நெற்றி ஏறியிருந்தது என்பதற்காக முன்தலையை மழித்துக்கொண்டார் கிளெண்டா. ரப்பர் தொப்பி போட்டு ஒப்பேற்ற அவர் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் பகுதியில் அக்கா மேரியின் சந்தேகத்துக்கு ஆளாகி, லண்டன் டவரில் தலை தப்புமா தப்பாதா என்று இருக்கிற பெண். ஆறாவது பகுதியில் எசெக்ஸ் பிரபுவுக்கு மரண தண்டனை விதித்துவிட்டுத் தானும் உதிர்ந்துகொண்டிருக்கும் கிழவி. நிஜத்தில் அப்போது அவருக்கு 34 வயது. வயதை ஏற்றிக்காட்ட நடிகர்கள் வழக்கமாகக் கையாளும் கூனும் நடுக்கமும் இதில் கொஞ்சம்தான். குரலைக் கவனியுங்கள். சிறுபெண்ணாக இருக்கும்போது வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம் இருக்கும், எதைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று எடைபோடுகிற தயக்கம். பட்டத்துக்கு வந்த பிறகு அந்தத் தயக்கம் எதிராளியைக் காக்கவைக்கிற மௌனமாகிவிடுகிறது. கடைசிப் பகுதியில் முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு. தோல் அசைய வழியில்லை. கண்ணும் வாயும் மட்டும் வேலை செய்கின்றன. அதிகாரத்தின் களைப்பை இவ்வளவு துல்லியமாக வேறு எந்த எலிசபெத்திடமும் நான் பார்த்ததில்லை. அந்த வேடத்தைப் போடாத நல்ல நடிகை பிரிட்டனில் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இந்தத் தொடருக்கு அமெரிக்காவின் எம்மி விருது அவருக்கு இரண்டு கிடைத்தது. அதே வருஷம் வனெஸ்ஸா ரெட்கிரேவோடு நடித்த 'மேரி, குவீன் ஆஃப் ஸ்காட்ஸ்' படத்திலும் அவர்தான் எலிசபெத்.

இத்தனை கனமான ஆளை அதே 1971-ல் மோர்கம்ப், வைஸ் என்ற நகைச்சுவை ஜோடி தங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்தது. கிளியோபாட்ரா நாடகம். எர்னி வைஸ் 'எழுதியது' என்பதால் வேண்டுமென்றே இலக்கணப் பிழைகள். அந்தப் பிழை வசனங்களை ஷேக்ஸ்பியரைச் சொல்கிற அதே கம்பீரத்தோடு, உதட்டில் ஒரு சிரிப்புகூட எட்டிப்பார்க்காமல் சொன்னார். வீட்டில் உட்கார்ந்திருந்த கோடிக்கணக்கான பேர் சிரித்தார்கள். பார்த்தவர்களில் மெல்வின் ஃபிராங்க் என்ற அமெரிக்க இயக்குநரும் ஒருவர். தன் காதல் நகைச்சுவைப் படத்துக்குக் கதாநாயகி இவர்தான் என்று முடிவு செய்தார். அந்தப் படம், 'எ டச் ஆஃப் கிளாஸ்', 1973-ல் வந்து இரண்டாவது ஆஸ்கரை வாங்கிக்கொடுத்தது. எங்களோடு இருந்தால் இன்னொன்றும் கிடைக்கும் என்று எரிக் மோர்கம்ப் தந்தி அடித்த கதை பிரிட்டனில் ரொம்பப் பிரபலம்.

முதல் ஆஸ்கர் கென் ரஸ்ஸலின் 'விமன் இன் லவ்' படத்துக்கு. இரண்டு தடவையும் விழாவுக்குப் போகவில்லை. சிலைகள் அம்மா வீட்டுக்குப் போயின. அம்மா தேய்த்துத் தேய்த்துத் துடைத்ததில் பொன்முலாம் போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். விருதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத பாவனை நடிகர்களிடம் சகஜம். இவர் விஷயத்தில் அது பாவனையாகத் தெரியவில்லை. எண்பதுகளில் லண்டனிலும் நியூயார்க்கிலும் யூஜின் ஓநீலின் 'ஸ்ட்ரேஞ்ச் இன்டர்லூட்', பிராட்வேயில் 'மேக்பெத்', லார்காவின் 'பெர்னார்டா ஆல்பாவின் வீடு' என்று மேடைதான் அதிகம். கடைசியாகச் சொன்ன நாடகத்தை 1986-ல் இயக்கியவர் நூரியா எஸ்பர்ட் என்ற ஸ்பானிய நடிகை. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், முப்பது வருஷம் கழித்து மறுபடி வருவார்.

அரசியலுக்கு அவரைத் தள்ளியது கன்சர்வேடிவ் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் மீதிருந்த கோபம். அதை அவர் ஒளித்ததே இல்லை. வந்த பிறகு எப்படி? அமைச்சராகப் பெரிதாகச் சோபித்தார் என்று சொல்ல முடியாது. 1997-ல் டோனி பிளேர் ஆட்சி வந்தபோது போக்குவரத்துத் துறையில் இளநிலை அமைச்சர். இரண்டு வருஷத்தில் அதை விட்டுவிட்டு லண்டன் மேயர் வேட்பாளராகக் கட்சியின் ஆதரவைக் கேட்டார், கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பின்வரிசை. பல்கலைக்கழகக் கட்டண விவகாரத்திலும் இராக் போரிலும் சொந்தக் கட்சிப் பிரதமரோடு வெளிப்படையாக மோதினார், பிளேர் பதவி விலக வேண்டும் என்றார். சபையில் பேசும்போது நடிகை என்ற சாயல் வந்துவிடக் கூடாது என்று மெனக்கெட்ட மாதிரி இருக்கும். ஒப்பனை இல்லாத முகம், சாதாரண உடை, சில சமயம் அலுப்பூட்டுகிற பேச்சுகூட. 2010-ல் எல்லை மாற்றியமைத்த ஹாம்ப்ஸ்டெட்–கில்பர்ன் தொகுதியில் தலை தப்பியது 42 ஓட்டில். நட்சத்திர மவுசு என்று ஒன்று இருந்திருந்தால் அது ஓட்டுப்பெட்டியில் விழவில்லை.

பிறகு 2013 ஏப்ரல் 10 வந்தது. தாட்சர் இறந்து இரண்டு நாள். விடுமுறையில் இருந்த நாடாளுமன்றத்தை அஞ்சலிக்காகக் கூட்டியிருந்தார்கள். தொழிற்கட்சிக்காரர்கள் பலர் நாசூக்காக வராமலே இருந்துவிட்டார்கள். வந்தவர்கள் அளந்து பேசினார்கள். கிளெண்டா எழுந்தார். தாட்சர் ஆண்ட பத்தாண்டில் தன் தொகுதிப் பக்கம் என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். பள்ளிச் சுவர்களில் காரை உதிராமல் தாங்கியது பிள்ளைகள் ஒட்டிய படங்களும் ஒட்டு நாடாவும்தான். இரவானால் கடை வாசல்கள் வீடற்றவர்களின் படுக்கையறையாகும். பேராசை, சுயநலம் என்று எதையெல்லாம் கெட்டது என்று சொல்லி வளர்த்தார்களோ, அதையெல்லாம் நல்ல குணம் என்று மாற்றிவிட்டார்கள் என்றார். எதிர்வரிசையில் கூச்சல் கிளம்பியது. கூச்சல் ஏற ஏற அவர் குரலும் ஏறியது, ஆனால் ஒரு சொல்கூட நசுங்கவில்லை, ஒரு வாக்கியமும் பாதியில் அறுந்து விழவில்லை. போர்க்காலத்தில் தன் அம்மா, பாட்டி போன்ற பெண்கள் குடும்பத்தையும் ஊரையும் சுமந்ததைச் சொல்லி, அவர்கள் தாட்சரைப் பெண் என்றே ஏற்றிருக்க மாட்டார்கள் என்று முடித்தார்.

கன்சர்வேடிவ் உறுப்பினர் டோனி பால்ட்ரி எழுந்து, இது அஞ்சலிக் கூட்டம், இங்கே இப்படிப் பேசலாமா என்று ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார். சபை மரபை மீறி எதுவும் நடக்கவில்லை என்று சபாநாயகர் பெர்கோ தீர்ப்பளித்தார். இறந்தவரைப் பற்றி அந்த நேரத்தில் அப்படிப் பேசியது முறையா என்று கேட்டால், துக்க வீட்டு நாகரிகம் தெரிந்த பலருக்கும் உறுத்தத்தான் செய்யும். எனக்கும் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் காணொளியாக இணையத்தில் உலகம் சுற்றிய அந்தப் பேச்சில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: இரைச்சலுக்கு மேலே சொல்லை ஏற்றி அனுப்புகிற மூச்சுப் பயிற்சி, இருபது வருஷம் மேடை ஏறாத ஒருவரிடம் அப்படியே இருந்தது.

2015 தேர்தலில் நிற்கவில்லை. அந்த வருஷமே பிபிசி ரேடியோ 4-ல் எமில் ஜோலாவின் நாவல் வரிசையை நாடகமாக்கியபோது, குடும்பத்தின் மூத்த கிழவி டீடாகக் குரல் கொடுத்தார். அதே காலத்தில் பார்சலோனாவில் நூரியா எஸ்பர்ட் லியர் மன்னனாக நடித்துக்கொண்டிருந்தார். கிளெண்டா அதைப் போய்ப் பார்த்தார். நீயும் செய்யேன் என்று தோழி தூண்ட, 2016 அக்டோபரில் லண்டன் ஓல்டு விக் அரங்கில் டெபரா வார்னர் இயக்கத்தில் லியராக மேடையேறினார். மகள்களாக சீலியா இம்ரி, ஜேன் ஹாராக்ஸ், மார்ஃபித் கிளார்க்; கோமாளியாக ரீஸ் இவான்ஸ்.

பெண் லியர் என்பது அன்றைக்குப் புதுமை இல்லை. கேத்ரின் ஹன்டர் 1997-லேயே செய்திருந்தார். பேச்சானது வயதுதான். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற நாடகம். புயல் காட்சியில் இடி மழைச் சத்தத்தை மீறிக் கத்த வேண்டும், கத்தினாலும் கவிதை சிதையக் கூடாது. முப்பது வயதுக்காரர்களே அங்கேதான் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார்கள். இடிச்சத்தத்துக்கு எதிரே கிழவி தாக்குப்பிடிப்பாரா என்று கவலைப்பட்டவர்கள் காமன்ஸ் சபை ஒலிப்பதிவைக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் குரலை விமர்சகர்கள் ஒருமுகமாகப் பாராட்டினார்கள். ஆணாக நடிக்க என்ன தயாரிப்பு என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் முக்கியம். எம்.பி.யாக முதியோர் இல்லங்களுக்கும் முதியோர் பகல்நேர மையங்களுக்கும் போய்வந்தபோது, வயது ஏற ஏற ஆண், பெண் என்ற கோடு மங்கிப்போவதைப் பார்த்ததாகச் சொன்னார்.

ஆராய்ச்சிக்காக ஒருநாள் முதியோர் இல்லத்துக்குப் போய்க் குறிப்பெடுக்கிற நடிகர்கள் உண்டு. இவர் குறிப்பெடுக்கப் போகவில்லை. அங்கிருந்த முதியவர்களுக்குச் சூடேற்றி வேலை செய்கிறதா, உதவித்தொகை வந்ததா என்று விசாரிக்கப் போனார், வருஷக்கணக்கில் போனார். தன் பேச்சை யாரும் கேட்பதில்லை என்று நினைக்கிற கிழவர்கள் அதிகாரியிடம் எப்படிக் குரலை உயர்த்துவார்கள், மகளிடம் எப்படி உயர்த்துவார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பார். லியர் என்ன, பதவியிலிருந்து இறங்கிய பிறகு பரிவாரத்தில் ஆள் குறைக்கிறார்கள் என்று பெற்ற பிள்ளைகளிடம் மல்லுக்கு நிற்கிற கிழவர்தானே.

2018-ல் பிராட்வேயில் எட்வர்ட் ஆல்பியின் 'த்ரீ டால் விமன்'. 92 வயது பணக்காரக் கிழவியாக நடித்து, 82 வயதில் டோனி விருது வாங்கினார். ஆஸ்கர், எம்மி, டோனி மூன்றும் நடிப்புக்காகவே வாங்கிய மிகச் சிலரில் ஒருவரானார். அடுத்த வருஷம் அங்கேயே இன்னொரு லியர், சாம் கோல்டு இயக்கத்தில். அந்தத் தயாரிப்பு பலருக்குப் பிடிக்கவில்லை, அவர் நடிப்பில் மட்டும் யாரும் அவ்வளவாகக் குறை சொல்லவில்லை.

தொலைக்காட்சிக்குத் திரும்பியது 2019 டிசம்பரில், எம்மா ஹீலியின் நாவலை வைத்து பிபிசி எடுத்த 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்' படத்தில். மறதிநோய் பிடித்த மோட் என்ற மூதாட்டி. சிநேகிதி எலிசபெத்தைக் காணோம் என்று தேடுகிறார். தேடல் நடுவிலேயே, பல பத்தாண்டுகளுக்கு முன் காணாமல் போன அக்கா சூக்கியின் ஞாபகம் கலந்துவிடுகிறது. மறக்கக் கூடாததையெல்லாம் துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் திணித்து வைத்திருப்பார். ஒரு தாளை எடுத்துப் படிக்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள். படிப்பது தெரிகிறது, எழுதியது தன் கைதான் என்பதும் தெரிகிறது, எதற்காக எழுதினோம் என்பது மட்டும் பிடிபடவில்லை. அதை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று உடனே ஒரு கோபத்தை வரவழைத்துக்கொள்கிறார். மறதிக்காரர்களைத் திரையில் காட்டும்போது பாவம், பரிதாபம் என்று இழைப்பதுதான் வழக்கம். மோட் எரிச்சலூட்டுகிறவர், பிடிவாதக்காரர், கடையிலும் போலீஸ் நிலையத்திலும் மானத்தை வாங்குகிறவர். நம் பரிவைக் கேட்டு அவர் ஒரு காட்சியிலும் கையேந்தவில்லை. இப்படிப்பட்ட ஒருவரோடு வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நிஜம் என்று தெரியும்.

அந்தப் படத்துக்காக அளித்த பேட்டிகளில் நடிப்பைவிட, முதியோர் பராமரிப்புக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியைத்தான் அதிகம் பேசினார். எம்.பி. வேலையை விட்டாலும் அந்தப் பேச்சு விடவில்லை. 2020-ல் பாஃப்டா விருதும் சர்வதேச எம்மியும் மோட் வேடத்துக்கு வந்தன.

கடைசிப் படம் 'தி கிரேட் எஸ்கேப்பர்'. 2014-ல் நார்மண்டிப் போர்த் தரையிறக்கத்தின் 70-ஆம் ஆண்டு நினைவுநாளுக்கு, முதியோர் இல்லத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் பிரான்சுக்குப் போய்விட்ட பெர்னார்ட் ஜோர்டன் என்ற முன்னாள் கடற்படை வீரரின் கதை. மைக்கேல் கெய்ன் கணவர், இவர் மனைவி. 1975-க்குப் பிறகு இருவரும் சேர்ந்து நடித்தது இதில்தான். 2023 ஜூன் 15 அன்று லண்டன் பிளாக்ஹீத்தில் வீட்டிலேயே கிளெண்டா காலமானார், 87 வயது. படம் அக்டோபரில் வந்தது. அதே மாதம் இனி நடிப்பதில்லை என்று கெய்ன் அறிவித்தார்.

புதிதாக அவரைப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஆஸ்கர் படங்களை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். 'எலிசபெத் ஆர்' முதல் பகுதியையும் ஆறாவது பகுதியையும் அடுத்தடுத்துப் பாருங்கள், நடுவில் உள்ள நான்கும் தானாக இழுத்துக்கொள்ளும். பிறகு 2013 பேச்சு. இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும். அதை முடித்த அன்றே மோட் படத்தையும் பார்த்துவிடுவது நல்லது.